தண்ணீர் ஊற்றாத மூன்று மாதம்

ராஜா அண்ணாமலைபுரத்தில் நாலு பங்களாக்காரர்கள் தேவானையைக் கைராசிக்காரி என்பார்கள். ஐந்தாவது ஆளாகத் தேவானையே அதைச் சொல்லிக்கொள்வாள். காலை ஆறு மணிக்கு ஆற்றோரக் குடிசையிலிருந்து வந்து, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மண்வெட்டியைத் தூக்கினால், செடிகொடியெல்லாம் அவள் பேச்சைக் கேட்கும். அவள்தான் யார் பேச்சையும் கேட்க மாட்டாள். அப்பேர்ப்பட்டவளை ஒரு வேர் மூன்று வருஷம் ஆட்டி வைத்தது என்றால் நம்புவீர்களா?

அந்த வேர் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதற்கு முன்னால் ஜெர்மனியிலிருந்து ஹெல்கா வந்தாள். பங்களாவின் சொந்தக்காரர் சிதம்பரநாதன் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், தி. நகரில் ஜவுளிக்கடை. காலையில் கடைக்குப் போனால் கடையைச் சாத்திவிட்டுத்தான் திரும்புவார். அவருடைய ஒரே மகன் வைரவன் என்ஜினீயருக்குப் படிக்கப் போன இடத்தில் ஹெல்காவைக் கல்யாணம் செய்துகொண்டு, 1970-இல் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். அவன் அம்மா இசக்கியம்மாள் முதல் வாரம் முழுக்க அழுதாள். இரண்டாவது வாரம் மருமகள் தலையில் எண்ணெய் வைத்தாள். மூன்றாவது வாரத்திலிருந்து அவளை விட்டு அரை நிமிஷம் நகரவில்லை.

பாசம் என்றால் சாதாரணப் பாசம் இல்லை. ஹெல்கா குளித்துவிட்டு வந்தால் வாசலில் துண்டோடு அத்தை. புத்தகத்தைத் திறந்தால் பக்கத்தில் முறுக்குத் தட்டோடு அத்தை. கதவைச் சாத்திக்கொண்டால், உடம்புக்கு என்னவோ என்று கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிடும் அத்தை. பாவம், அந்தப் பெண் மூச்சு விட ஓடி வருகிற ஒரே இடம் தோட்டம். தோட்டத்தில் தேவானை. அங்கேதான் அவள் தமிழ் கற்றுக்கொண்டாள். விளைவு என்ன ஆயிற்று? ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், உறவுக்காரர்கள் பத்துப் பேர் பார்க்க, "இன்னா அத்தே, ரசத்துல உப்பே இல்ல?" என்று கேட்டுவிட்டாள். இசக்கியம்மாளுக்குத் தலை சுற்றியது.

முதல் பார்சல் 1971 சித்திரையில் வந்தது. ஹெல்காவின் அம்மா அனுப்பியது. பிரித்ததும் தேவானை ஒரு அடி பின்னால் போனாள். சாந்தோம் கரையில் வலையிலிருந்து விழுகிற கணவாய் மீனைப் போல, நடுவில் ஒரு முண்டு, சுற்றிலும் கொழகொழவென்று கால்கள்.

"இன்னா இது, உசுரோட கீதா?"

"கீது. தூங்குது," என்றாள் ஹெல்கா.

அதன் பெயர் அவள் ஊரில் ஷ்பார்கல். வைரவன் ஆஸ்பராகஸ் என்றான். அந்தச் செடியில் இலையைத் தின்பதில்லை, காயைத் தின்பதில்லை. வசந்தம் வந்ததும் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு குருத்து வருமாம். விரல் தடிமன் இருக்குமாம். அதைத் தரையோடு அறுத்து வேகவைத்து, வெண்ணெய் போட்டு, ஊரே உட்கார்ந்து தின்னுமாம். இரண்டு மாதம் வேறு பேச்சே கிடையாதாம். இதைச் சொல்லும்போது ஹெல்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சாமி பார்த்துவிட்டு வந்தவர்கள்கூட அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

தேவானைக்கு ஆச்சரியம் அதில்கூட இல்லை. ஹெல்கா ஒரு போட்டோவைக் காட்டினாள். அவள் வீட்டுத் தோட்டம். ஒரு புல் இல்லை, பூண்டு இல்லை, சுண்ணாம்பைக் கொட்டியது போல எங்கும் வெள்ளை.

"இதுக்கு அடியிலயா கீது அந்த வேரு?"

"நாலு மாசம். மண்ணு கல்லு மாதிரி ஆயிடும். எல்லாம் தூங்கும். மரம், பூச்சி, மண்ணு, எல்லாம்."

"யம்மாடி! மண்ணு தூங்குமா?" தேவானை அந்தப் படத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் அறிந்த மண் ஒரு நாளும் தூங்கினதில்லை. ராத்திரியில்கூட அது கொதித்துக்கொண்டுதான் கிடக்கும். தூங்குகிற பூமி ஒன்று இருக்கிறது, அதில் பிறந்த பெண் தன் பக்கத்தில் குந்தியிருக்கிறாள் என்பதே அவளுக்குச் சிலிர்த்தது.

அம்மாக்காரி கடிதத்தில் ஏப்ரலில் நடச் சொல்லியிருந்தாள். ஏப்ரலில்தான் நட்டார்கள். அங்கே ஏப்ரல் என்றால் பனி உருகும். இங்கே ஏப்ரல் என்றால் தார் உருகும். பத்து வேரும் பத்தே நாளில் வற்றலாகிப் போயின.

இரண்டாவது பார்சலை அந்த ஐப்பசியில் வைரவனின் நண்பர் ஒருவர் கொண்டுவந்தார். வெயில் ஆகாது என்று பட்ட பிறகு காத்திருப்பார்களா? மழை பெய்து குளிர்ந்த மண்ணில் அன்றைக்கே ஊன்றினார்கள். அந்த வருஷத்து மழை சும்மா விட்டதா? தோட்டத்தில் முழங்கால் தண்ணீர். ஐந்து வேர் அழுகி நாறியது. மிச்சம் மூன்றைத் தேவானை சேற்றுக்குள் கைவிட்டுத் தேடி எடுத்துத் துடைத்து, ஈர மணலில் பொதிந்து வைத்தாள். தை பிறந்து மழை முற்றும் விட்டதும் ஆற்று மணலும் மக்கிய எருவும் கலந்து, இடுப்புயரத்துக்கு மேடு கட்டி, அதன் தலையில் மூன்றையும் உட்கார வைத்தாள். அந்தத் தைதான் சரியான பருவம். மூன்றும் பிழைத்துக்கொண்டன.

பிழைத்ததே தவிர, கதை அதோடு முடியவில்லை. வந்த குருத்தெல்லாம் துடைப்பக்குச்சி. வெளியே வந்த மறுநாளே விரிந்து, இறகுத் தூவல் மாதிரி மெல்லிய இலையாகிவிடும். பச்சைப்பசேலென்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. தின்பதற்கு ஒன்றும் இல்லை. வருஷம் முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக நூல் நூலாக வந்துகொண்டே இருந்தது. தேவானை காலையிலும் மாலையிலும் கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றினாள். அவள் ஊற்றினது போதாதென்று இசக்கியம்மாள் அரிசி கழுவின தண்ணீரை மத்தியானம் ஊற்றினாள். தண்ணீரில்லாத தேரிக்காட்டில் வளர்ந்தவள். ஒரு செடி வாடினால் அவளுக்குச் சோறு இறங்காது. இப்படியே இரண்டு வருஷம் போயிற்று.

1974 மாசி மாதம், ஒரு காலையில், ஹெல்கா அந்த மேட்டுப் பக்கத்தில் வந்து குந்தினாள். இளைத்திருந்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் வந்திறங்கிய பெண்ணில் பாதிதான் இருந்தாள்.

"தேவானை, ஒண்ணு சொல்றேன். ஒருத்தர்கிட்டயும் சொல்லாதே."

"சொல்லு சின்னம்மா."

"இந்த வருஷம் இது சரியா வரலைன்னா, நான் ஊட்டுக்குப் போயிடுவேன்."

"இதானே உன் ஊடு?"

ஹெல்கா ஒரு தூவலை விரலால் நீவினாள். "எங்க ஊரு வேரு இந்த மண்ணுல உருப்படியா வளந்தா, நானும் இங்க இருந்துக்குவேன். இல்லன்னா எனக்கும் இப்டித்தான். சாவல. ஆனா நூலு நூலா…" அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் போதவில்லை. எழுந்து போய்விட்டாள்.

தேவானைக்கு வெற்றிலை கசந்தது. இந்த வெள்ளைக்காரப் பெண்ணை அவள் வயிற்றில் சுமக்கவில்லை, அவ்வளவுதான். வைரவனிடம் போய்ச் சொல்லலாமா? சொல்லாதே என்று சொல்லிவிட்டாளே. அன்று முழுக்கக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காய்ந்த முள்ளை வெட்டிப்போட ஆற்றோர வேலிப் பக்கம் போனாள்.

வேலியில் வழக்கம்போலத் தண்ணீர்விட்டான் கொடி படர்ந்து கிடந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க அதன் கிழங்கைக் கொடுப்பார்கள். ஆயிரம் தரம் பார்த்த கொடி. அன்றைக்கு அது பாதி மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தது. தேவானை அறுவாளை ஓங்கினவள் அப்படியே நின்றுவிட்டாள். உதிராத பாதியில் இருந்த இலை… அட! அதே மெல்லிய தூவல். முள் ஒன்றுதான் கூடுதல். பரபரவென்று அடிமண்ணைத் தோண்டினாள். நடுவில் ஒரு முண்டு. சுற்றிலும் கொத்துக் கொத்தாகக் கால்கள்.

"அடியாத்தே," என்று மண்ணிலேயே உட்கார்ந்தாள். "நீ அவளுக்குச் சொந்தக்காரியா?"

ஏழு கடல் தாண்டி, பனிக்கு அடியில் கிடக்கிற ஒன்றுக்கு அடையாற்றங்கரை வேலியில் ஒரு பங்காளி. தேவானைக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷம் இரண்டு பேரையும் தினமும் பார்த்துக்கொண்டே இருந்தும் தெரியவில்லையே! பிறகு யோசித்தாள். இந்தக் கொடிக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்? ஒருத்தரும் இல்லை. வெயில் ஏற ஏறக் காய்ந்து, கோடையில் செத்த கொடியாகக் கிடக்கும். முதல் மழை விழுந்து நாலு நாளில், அடியிலிருந்து கட்டையாக ஒரு குருத்து எழும்பும் பாருங்கள், ஆள் நின்று பார்ப்பான். அப்படியானால் அது செத்துக் கிடக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தது. மெட்ராசில் வெயில்தான் அதற்குப் பனி.

அங்கே குளிர் வந்து தூங்க வைக்கிறது. இங்கே தாகம் வந்து தூங்க வைக்க வேண்டும். நாமோ காலையில் ஒரு குடம், மத்தியானம் ஒரு செம்பு, மாலையில் ஒரு குடம் என்று ஊற்றி, இரண்டு வருஷமாக அதைக் கண் மூட விடவில்லை. தேவானை தலையில் அடித்துக்கொண்டாள்.

பங்குனியில், மயிலாப்பூரில் அறுபத்துமூவர் உற்சவம் முடிந்த மறுநாள், அவள் அந்த மேட்டுக்குத் தண்ணீரை நிறுத்தினாள். ஹெல்காவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். ஹெல்கா மேட்டு மணலை விரலால் கிளறியபடி, "செத்துட்டா?" என்று கேட்டாள்.

"செத்தா என் கைராசியும் அதோட செத்துது. நான் இந்த ஊட்டு வாசல மிதிக்க மாட்டேன்," என்றாள் தேவானை. வாய்தான் அப்படிச் சொன்னது. இந்த மூன்றும் போனால் வேறு வேர் இல்லை. இந்தப் பெண்ணும் இல்லை.

பத்து நாளில் பச்சை வெளுத்தது. சித்திரையில் மஞ்சள் கண்டது. இசக்கியம்மாளால் தாங்க முடியவில்லை. மத்தியானம் தேவானை சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து, முந்தானைக்குள் செம்பை மறைத்துக்கொண்டு மேட்டுக்கு வந்துவிட்டாள். தேவானை எச்சில் கையோடு ஓடி வந்து செம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, விடு! வாடுத உசிருக்கு ஒரு செம்புத் தண்ணி ஊத்துதது ஒரு குத்தமா? ஈவு இரக்கம் இல்லாத மூதி!"

"பெரீம்மா, அது தூங்கிக்கினு கீது. நீ தண்ணி ஊத்தல, எழுப்பிக்கினு கீறே. உனுக்குப் புண்ணியமா போவும், கொஞ்சம் தூங்க வுடு."

"செடி தூங்குதாம்! எங்கனட்டி படிச்ச இத? எம் மருமவ ஆசையா வச்ச செடியக் கொல்லுதியே, உனக்கு என்ன பகை?"

வைரவனும் வந்து பார்த்துவிட்டு, "உனக்குத் தெரிஞ்சுதான் செய்றியா, தேவானை?" என்று கேட்டான். தெரிந்துதான் செய்கிறேன் என்றாள். அன்றைக்கே வேலிக்காத்தான் முள்ளை வெட்டிவந்து மேட்டைச் சுற்றி வேலி போட்டாள். ஆனாலும் இசக்கியம்மாளை நம்ப முடியாது என்று சாப்பாட்டுத் தூக்கை முள்வேலிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். அத்தை வராந்தாவில், இவள் மேட்டடியில், இருவரும் முறைத்துக்கொண்டே வைகாசி முழுக்கச் சாப்பிட்டார்கள்.

அக்னி நட்சத்திரத்தில் தூவல் முழுக்கக் காய்ந்து சருகாயிற்று. தேவானை அதைத் தரையோடு அறுத்து எடுத்துவிட்டு, மேட்டின்மேல் காய்ந்த தென்னை ஓலையைப் பரப்பினாள். இப்போது அங்கே ஒன்றுமே இல்லை. மணல் மேடு. போகிறவர் வருகிறவர் பார்த்தால் அங்கே யாரையோ புதைத்திருக்கிறார்கள் என்றுதான் சொல்வார்கள். ஹெல்கா அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். அவள் அறையில் கட்டிலுக்கு மேலே பரணில் இருந்த பயணப் பெட்டியை இறக்கி வைத்திருக்கிறாள் என்பது ஜன்னல் வழியாகத் தேவானைக்குத் தெரிந்தது. ஆனியும் பிறந்தது. ஒரு மேகம் இல்லை. வேலியில் தண்ணீர்விட்டான் கொடியும் சருகாகத்தான் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் தேவானை மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஆனி கடைசியில் ஒரு சாயங்காலம், தெற்கே இருட்டிக்கொண்டு வந்தது. நாலு இடி. பிறகு மழையென்றால் மழை, தோட்டமே புகைந்தது. தேவானை வீட்டுக்குப் போகாமல் மழையில் நின்று ஓலையை இழுத்துப்போட்டு, மேடு முழுக்கக் குடிக்கட்டும் என்று விட்டாள். இசக்கியம்மாள் வராந்தாவிலிருந்து, "இப்பமாவது அதுக்கு ஒரு வாய்த் தண்ணி கெடச்சுதே!" என்று கத்தினாள்.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாவது நாள் ஒன்றுமில்லை. மூன்றாவது நாள் தேவானை மேட்டில் காதை வைத்துக்கூடப் பார்த்தாள். சிரிக்காதீர்கள், உங்களுக்கு அந்த அவஸ்தை வந்தால் நீங்களும் வைப்பீர்கள். நாலாம் நாள், இனி இந்த வீட்டு வாசலை மிதிப்பது இன்றைக்கே கடைசி என்று நினைத்துக்கொண்டே வந்தாள்.

மேட்டின் தலையில் மண் வெடித்திருந்தது.

கிட்டப் போனாள். வெடிப்புக்குள் மருதாணி வைத்த கட்டைவிரல் ஒன்று தெரிந்தது. ஊதாச் சிவப்பில் நுனி, அடியில் வெளிர்ப் பச்சை. பக்கத்தில் இன்னொன்று. அந்தப் பக்கம் மூன்று சேர்ந்து, ஒரு மண்கட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றன. அது எலுமிச்சம்பழம் அளவு கட்டி. ஒரு பூண்டுக் குருத்துக்கு அத்தனை பலமா? தேவானை எண்ணிப் பார்த்தாள். பதினொன்று. ஒவ்வொன்றும் அவள் கட்டைவிரல் தடிமன். கையெடுத்துக் கும்பிட்டாள், அப்புறம்தான் கத்தினாள்.

"சின்னம்மா! எந்திரிச்சிடுச்சு! எந்திரிச்சிடுச்சு சின்னம்மா!"

ஹெல்கா வெறுங்காலோடு ஓடி வந்தாள். முள்வேலியை மறந்து அதற்குள் காலை வைத்து, ரத்தம் வந்ததுகூடத் தெரியாமல் மண்டியிட்டாள். தொடவில்லை. பக்கத்தில் கையைக் கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தாள். அவள் தோள் குலுங்கியது. வைரவன் பல் விளக்குகிற பிரஷ்ஷோடு வந்து நின்றான். இசக்கியம்மாள் வந்தாள், பார்த்தாள், "எம்மா… முருகா…" என்றாள். அவள் அதோடு நிறுத்திக்கொண்டதைத் தேவானை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தாள்.

அதோடு போயிற்றா? வைரவன் ஒரு குச்சியை உடைத்துக் குருத்தின் உயரத்துக்கு நட்டு வைத்தான். காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் குருத்து குச்சியைத் தாண்டியிருந்தது. எல்லோரும் அவனைத் திட்டினார்கள், சரியாக நடவில்லை என்று. இன்னொரு குச்சி நட்டான். அதையும் மத்தியானத்துக்குள் தாண்டியது. அன்று வைரவன் தொழிற்சாலைக்குப் போகவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை ஒருத்தரும் கவனிக்கவில்லை. நாலு பேரும் ஒரு மணல் மேட்டைச் சுற்றி உட்கார்ந்து, பூமிக்குள்ளிருந்து ஒன்று வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தேவானை இருபது வருஷம் மண்ணைக் கொத்தியவள். ஒரு செடி வளர்வதைத் தன் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். குருத்தின்மேல் கிடந்த ஒரு வேப்பஞ்சருகு மெல்ல மெல்ல எழும்பி, ஒரு பக்கம் சாய்ந்து, கீழே விழுந்தது. காற்றே இல்லை.

சாயங்காலம் ஹெல்கா கத்தியை எடுத்து வந்து ஐந்தை மட்டும் அறுத்தாள். அறுக்கும்போது அது நறுக்கென்று முறிந்து சாறு சொட்டியது. உப்புத் தண்ணீரில் வேகவைத்து வெண்ணெய் விட்டாள். ஆளுக்கு ஒன்று, கடையிலிருந்து இன்னும் திரும்பாத மாமனாருக்கும் ஒன்று எடுத்து மூடி வைத்தாள். தேவானையின் பங்கைத் தட்டில் வைத்துக்கொண்டு, தன் தட்டோடு பின்கட்டுப் படிக்கே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தேவானை கடித்தாள். பச்சைப் பட்டாணியா, முருங்கைக்காயா, மழைத் தண்ணீரா, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். ஹெல்கா நுனியை வாயில் வைத்தவள், மெல்லாமலே சிறிது நேரம் இருந்தாள். பிறகு அழுதுகொண்டே தின்றாள்.

கேட்க வேண்டியதைக் கேட்கத் தேவானைக்குத் தைரியம் வரவில்லை. போகிறாயா, இருக்கிறாயா?

அதற்குள் இசக்கியம்மாள் வந்துவிட்டாள். ஒரு கையில் இட்லிப் பாத்திரம், ஒரு கையில் சட்னி. "இத்துணூண்டு குச்சியத் தின்னா வயிறு நெறையுமா தாயி? ஒரு இட்லி வையி. ரெண்டு வையி. தலை ஏன் காஞ்சு கெடக்கு, எண்ணெ எடுத்தாரவா?"

ஹெல்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு, அத்தையின் கையைப் பிடித்தாள்.

"அத்தே, எனக்கும் ஒரு மூணு மாசம் தண்ணி ஊத்தாம இருக்கியா?"

தேவானைக்குத் தூக்கிவாரிப்போட்டது. போச்சு, இதோடு வீடு ரெண்டாகப் போகிறது என்று நினைத்தாள். இசக்கியம்மாள் மருமகளையே பார்த்தபடி கையிலிருந்த பாத்திரங்களை மெல்லப் படியில் இறக்கி வைத்தாள்.

"பெட்டிய எறக்கி வச்சிருந்தியே தாயி," என்றாள். "பாத்துட்டுத்தான் இருந்தேன். வைரவன்கிட்டகூடச் சொல்லல. எந்நேரமும் கிட்டயே இருந்தா நீ போவ மாட்டன்னு நெனச்சேன். நான் வேற என்ன செய்வேன், சொல்லு?"

அவளுக்கும் தெரிந்திருக்கிறது! தேவானை ஒரு ரகசியத்தை ஐந்து மாதம் தனியாகச் சுமந்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள். வராந்தாவில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டே சோறு தின்றவளும் அதையேதான் சுமந்திருக்கிறாள்.

ஹெல்கா அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "போவல அத்தே. எங்கியும் போவல. கொஞ்சம் தூங்க வுடு, அவ்ளோதான்."

வழக்கமாக இந்தப் பாஷையைக் கேட்டால் இசக்கியம்மாள் காதைப் பொத்திக்கொள்வாள். அன்றைக்கு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இட்லிப் பாத்திரத்தையும் எடுக்காமல் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை தேவானை வாசல் பெருக்க வந்தபோது ஹெல்காவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. ஏழு மணி ஆயிற்று. எட்டு ஆயிற்று. கதவைத் தட்டுகிற சத்தமே கேட்கவில்லை. எட்டிப் பார்த்தாள். கூடத்தின் கடைசியில், அந்தக் கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு இசக்கியம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. எண்ணெய்க் கிண்ணமும் இருந்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் எழுந்திருக்கவே இல்லை. தேவானை துடைப்பத்தைச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, நேற்றுக் குருத்தைப் பார்த்தது போலவே நின்று அவளைப் பார்த்தாள்.